சர்ச் ஸ்பீக்கரில் அக்காவின் நெஞ்சு

1

இந்தக் கதையை நானாக எழுத ஆசைப்படவில்லை. பாஸ்டர் கேட்டார், மாட்டிக்கொண்டேன்.

நான் வாரப் பத்திரிகைக்குப் பேய்க்கதை எழுதிப் பிழைக்கிறவன். ஞாயிறு ஆராதனை முடிந்து, நைசாக நழுவலாம் என்று குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் பின்னாலிருந்து தோளைப் பிடித்தார்.

"தம்பி, சபைப் பத்திரிகையில ஒரு பக்கம் காலியா கிடக்கு. துக்கத்துல இருக்கிறவங்க, உடம்புக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டு இருக்கிறவங்க, விசுவாசம் ஆட்டம் காணுறவங்க, எல்லாருக்கும் சேர்த்து ஆறுதலா ஒரு கதை எழுதிக் குடுங்க."

"ஐயா, என் கதையில ரெண்டாவது பக்கத்துலயே ஆளு செத்துருவான்."

"அதனால என்ன? மூணாவது பக்கத்துல ஆறுதல் சொல்லுங்க. முடிவு மட்டும் சாட்சியா இருக்கணும்."

சாட்சி என்றால் எங்கள் சபையில் ஒரே அர்த்தம்தான். நோய் பறந்துவிட்டது, டாக்டரே வாயைப் பிளந்தார், எல்லாரும் கைதட்டினோம், டீ குடித்தோம்.

துக்கம், பயம், சந்தேகம் மூன்றையும் ஒரே ஆளிடம் பார்க்க நான் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள். என் அக்கா.

2

முதல் தொடக்கம்: "அந்திச் சூரியன் ஜன்னல் வழியே வந்து அவள் கண்ணீரைத் தொட்டபோது"

வேண்டாம். அந்தி நேரத்தில் அக்காவுக்கு ஷிப்ட். அழ ஆள் இருக்கமாட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: "ஓர் ஊரில் ஒரு விதவை இருந்தாள்." இதை அக்காவே படித்துவிட்டாள். "விதவையா? கைய உடைச்சிருவேன்" என்றாள். அதுவும் போயிற்று.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருக்கிறவர்கள் பதறிப்போய் ஒரு பொத்தானை அழுத்துவார்கள் இல்லையா, அந்தப் பக்கம் பேசுகிற குரல் இவளுடையது. மெக்கானிக் போய்ச் சேர்கிறவரை அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் கணவர், என் அத்தான், வாரமெல்லாம் டயர் கடையில் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் சர்ச் மைக் செட்டுக்கு ராஜா. பின்மூலையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசை நிறையத் திருகுகள். ஆராதனை நடுவே மைக் வீல் என்று கத்தும். சபை மொத்தமும் திரும்பி அவரைப் பார்க்கும். அவர் எதையோ திருகுவார், நாங்கள் திரும்பிக்கொள்வோம். வாராவாரம் இது நடக்கும்.*

* பிரசங்கம் ரொம்ப நீண்டால் அத்தான் பாஸ்டரின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார். பாஸ்டர் தனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து முடித்துவிடுவார். ஐயா, இதைப் படிக்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். ஸ்தோத்திரம்.

3

போன வருஷம் ஒருநாள் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "கேஸ்தான்" என்றார். சோடா வாங்கிக் குடித்தார்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அடக்க ஆராதனையில் பாஸ்டர் மைக்கைப் பிடித்து "நம்முடைய அன்புச் சகோதரர்" என்று ஆரம்பித்தார். மைக் வீல் என்று கத்தியது. பழக்க தோஷம், நாங்கள் எல்லாரும் திரும்பிப் பின்மூலையைப் பார்த்தோம். பாஸ்டரும்தான். அங்கே வெறும் நாற்காலி. அத்தான் முன்னால் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அக்கா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. சபையில் சில பேர் அந்தச் சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை. அவர்களுக்கும் இந்தப் பத்திரிகை போகும், படிக்கட்டும்.

4

அன்றிலிருந்து அக்காவின் வலதுகை விரல்கள் இடது மணிக்கட்டிலேயே குடியிருக்கின்றன. நாடி பார்க்கிறாள். சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, என்னோடு சண்டை போடும்போதுகூட.

"விட்டு விட்டு அடிக்குதுடா."

டாக்டர் பார்த்தார். பெரிதாக எதுவும் இருக்காது, எதற்கும் எக்கோ எடுத்து இதயத்தை ஒரு தடவை திரையில் பார்த்துவிடுவோம் என்றார். அக்கா எக்கோவுக்கு நாள் வாங்குவாள். அந்த நாள் வந்ததும் தலைவலி என்பாள், ஆபீசில் லீவு இல்லை என்பாள். ஒருமுறை மழை வரும்போல இருக்கிறது என்றாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"போய்ப் பாத்துட்டு வந்துரலாம்க்கா."

"தெரியாத வரைக்கும் ஒண்ணும் இல்லைதானே?"

"தெரியாததுக்கே தினம் தினம் செத்துட்டு இருக்கியே."

"அது பழகிருச்சுடா. இன்னொண்ணு பழகாது."

ஜெபம் பண்ணிப் பார்க்கலாமே என்றேன். (கதைக்கு வேண்டியிருந்தது. பேய்க்கதைக்காரன் யாரையும் ஜெபிக்கச் சொல்கிறவன் இல்லை.)

"ஆம்புலன்ஸ்ல உக்காந்து வாய் வலிக்க ஜெபிச்சேன்டா. அவர் கையைப் புடிச்சுக்கிட்டே. என்ன ஆச்சுன்னுதான் உனக்கே தெரியுமே. இப்பக் கண்ண மூடினா அடக்க ஆராதனைதான் ஞாபகம் வருது. மைக்கு கத்துது, எல்லாரும் பழக்கத்துல திரும்பிப் பாக்குறோம், அங்க நாற்காலி காலி. ஜெபமும் அப்படித்தானோ என்னமோ. பழக்கத்துல திரும்பிப் பாக்குறோம்."

ஆறுதல் கதையாக இருந்தால் இந்த இடத்தில் தம்பி ஒரு வசனம் சொல்ல வேண்டும், அக்காவின் முகம் மலர வேண்டும். எனக்கு வசனங்கள் மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். காபி போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றாள்.

5

இனிமேல்தான் கதை.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி. எங்கள் பாட்டு மாஸ்டர் தொழிலில் பிளம்பர். தாளம் தப்பினால் குழாய் ஒழுகுவதைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பார். நானும் பாடகர் குழுவில் இருக்கிறேன், பெரும்பாலும் வாயை மட்டும் அசைப்பேன். எந்த ஒயர் எதில் சொருகுவது என்று ஒருத்தருக்கும் தெரியாததால் அக்காவை வரச்சொல்லியிருந்தோம். அவளுக்கு அத்தானைப் பார்த்துப் பார்த்து ஓரளவு தெரியும்.

அத்தான் போனபிறகு முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மேசைமேல் பாஸ்டர் சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் கிடந்தது.

நாங்கள் பாட்டின் நடுவே இருந்தோம். ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

டொப். டொப். டொப். கொஞ்சம் இடைவெளி. டொப்.

பாட்டு நின்றது. மாஸ்டர் கையை உயர்த்தி, "யாரும் அசையாதீங்க. குழாய்ல காத்து அடைச்சிருக்கு" என்று சொல்லி ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தார். "பாருங்க, விட்டு விட்டு அடிக்குது பாருங்க. ஏர் லாக்தான்!"

டொப். டொப்.

நாங்கள் பழக்கத்தில் திரும்பிப் பின்மூலையைப் பார்த்தோம். அக்கா ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்ன மைக் அவள் நெஞ்சில், புடவைத் தலைப்புக்கு உள்ளே அழுந்தியிருந்தது. தன் இதயம் சரியாக அடிக்கிறதா என்று தனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றியிருக்கிறாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனாள். அத்தானாக இருந்தால் மறந்திருக்கமாட்டார்.

6

இங்கிருந்து மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, பாஸ்டருக்குப் பிடித்தது. எல்லாரும் முழங்காலில் நின்றோம். ஸ்பீக்கரில் துடிப்பு மெல்லச் சீரானது. அக்கா எழுந்து

பொய். ஒருத்தரும் முழங்காலில் நிற்கவில்லை. தரை அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது.

இரண்டாவது வழி, என் வாரப் பத்திரிகைக்குப் பிடித்தது. அக்கா மைக்கை எடுத்துவிட்டாள். துடிப்பு மட்டும் ஸ்பீக்கரில் நிற்கவே இல்லை. (இதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். கைவிட மனசு வரவில்லை.)

மூன்றாவது வழி, நடந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்தாள். வெடுக்கென்று மைக்கைப் பிடுங்கினாள், அது வீல் என்று கத்தியது. சத்தம் கேட்டு பாஸ்டர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"கேட்டீங்களா ஐயா? விட்டுப் போகுது, கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்மா."

அக்கா மைக்கை அவர் காலரில் குத்தினாள். "உங்களது எப்படி அடிக்குதுன்னு பாப்போம். சொல்லுங்க. நிஜமாவே நம்புறீங்களா? எங்க வீட்டுக்காரர் எங்கயோ நல்லா இருக்கார்னு? நாம கத்துறது யார் காதுலயோ விழுதுன்னு?"

பாஸ்டர் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் அவர் நெஞ்சு குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் பயம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று பிரசங்கம் பண்ணியிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சில நாள் நம்புறேன்மா" என்றார்.

"மத்த நாள்?"

"நம்புறவங்க பக்கத்துல போய் உக்காந்துக்குவேன். உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிறைய நாள் உக்காந்திருக்கேன். அவருக்குத் தெரியாது. இப்ப எங்க போய் உக்கார்றதுன்னு தெரியல."

சுவரிலிருந்து காதை எடுத்த மாஸ்டர், "ஐயாவுக்கும் ஏர் லாக் போல" என்றார். அக்கா சிரித்தாள். அடக்க ஆராதனையில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை பாஸ்டரும் சேர்ந்து சிரித்தார், அதையும் நாங்கள் ஸ்பீக்கரில் கேட்டோம்.

[ஐயா, இந்தப் பகுதியில் கைவைத்தால் மொத்தக் கதையையும் பேய்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுவேன்.]

7

இதுவரை எழுதியதை அக்கா படித்தாள்.

"என்னை ரொம்ப ரவுடியா காட்டியிருக்கே. நான் எங்க அவர் காலர்ல குத்தினேன்? மைக்க அவரா கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டார்."

"அவராவா?"

"'நீ மட்டும் ஏம்மா தனியா மாட்டிக்கிட்டு நிக்கிறே, குடு'ன்னார். நீ அந்த நேரம் எனக்குத் தண்ணி கொண்டுவரப் போயிட்டே."

நான் கற்பனை செய்ததைவிட அது நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், நான் அவரை எவ்வளவு குறைவாக எடைபோட்டிருந்தேன் என்று தெரியட்டும்.

"முடிவு என்ன வெச்சிருக்கே?"

"எக்கோவுல எல்லாம் நல்லா இருக்குன்னு."

"நான் இன்னும் போகவே இல்லையேடா."

"கதையில போயிட்டே."

அக்காவின் விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின. பிறகு சொன்னாள். "லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட நாங்க நேரம் சொல்லக் கூடாது. 'பத்து நிமிஷத்துல வந்துருவாங்க'ன்னு சொல்லி வரலைன்னு வையி, பதினோராவது நிமிஷம் கதவைப் பிச்சுருவாங்க. நீ அந்த வேலையத்தான் பண்றே."

"அப்ப என்னதான் சொல்லுவே?"

"ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்ல இருக்கேன். அவ்வளவுதான். அப்புறம் வீட்ல இன்னைக்கு என்ன சமையல்னு கேப்பேன்."

"ஆள் கிளம்பிட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பாக்குறியா?"

"எங்க பாக்குறது? மெக்கானிக் மூஞ்சியே நான் பாத்ததில்ல. கிளம்பிட்டேன்னு சொல்லுவான். அத நம்பித்தான் இவங்ககிட்ட..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்னை முறைத்தாள். "இத எழுதின, கொன்னுருவேன்" என்றாள்.

எழுதிவிட்டேன்.

8

இதை எக்கோ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று அக்காவுக்குத் தலைவலி வரவில்லை. வானத்தை ஒரு தடவை பார்த்தாள், ஆனாலும் கிளம்பிவிட்டாள். பாஸ்டர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நர்ஸ் கூப்பிட்டதும் அக்கா எழுந்தாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸை நிறுத்துகிறவர்போலக் கையைத் தூக்கினார்.

"லைன்ல இருக்கேன்க்கா. வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்றேன்.

"உன் தலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மணிக்கட்டில் விரல் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றவர்களுக்குப் பயம் உண்டாக்கிச் சம்பாதிக்கிறவன், ஒரே வரியை மூன்றாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாஸ்டர் கண்ணை மூடியிருக்கிறார், உதடு அசைகிறது. இன்று நம்புகிற நாளா, மற்ற நாளா என்று நான் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"முடிவு எழுதியாச்சா தம்பி?"

"நேரம் சொல்லக் கூடாதாம் ஐயா."

அதனால் முடிவு என்னிடம் இல்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் உள்ளே யாரோ இருக்கலாம், அல்லது நீங்களே உள்ளே போக வேண்டியவராக இருக்கலாம். கதவு இன்னும் திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தால் கால் வலிக்கும், வந்து உட்காருங்கள். பாஸ்டர் பெஞ்சிலிருந்த தன் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.