நனைந்த தோள்

எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பழமைவாதக் கட்சிகள் போன மாதம்தான் ஒன்றாயின. தோற்றுத் தோற்றுத்தான் புத்தி வந்தது. கொள்கை, கத்தரிக்காயெல்லாம் பிறகு. இன்று ஒரு கட்சியில் இருந்த தையற்காரர், மற்றக் கட்சியில் இருந்த தன் பழைய எதிரியான மருந்துக்கடைக்காரரோடு கொட்டும் மழையில் ஒரே குடையில் ஓட்டுக் கேட்கப் போனார்.

கதவைத் திறந்த பஸ் டிரைவர் தொழிற்சங்கக்காரர். இரண்டு கட்சிக்குமே ஓட்டுப் போடாதவர்.

தையற்காரரின் வாய் பழைய தடத்திலேயே ஓடியது. "அந்த மருந்துக்கடைக்காரர் கூட்டத்த மட்டும் நம்பாதீங்க தம்பி. வாயத் தொறந்தாலே பொய்யி." குடை யார் கையில் இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லி முடிச்சிடுங்கண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர். "பாதி உண்மைதானே."

டிரைவர் சிரித்துவிட்டார். "இவ்வளவு திட்டியும் குடைய உங்க பக்கமே சாய்ச்சுப் பிடிச்சிருக்காரு பாருங்க."

தையற்காரர் திரும்பினார். மருந்துக்கடைக்காரரின் ஒரு தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டார்.

டிரைவர் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க. சங்கத்து ஆளுங்களையும் கூப்பிடறேன். அந்தக் குடையில எங்களுக்கும் இடம் இருக்கான்னு பேசிப் பாக்கலாம்."