பதினெட்டுக்குக் கீழே போகாத அறை

அப்பாவின் அறை, அவர் போன பிறகுதான் குளிர ஆரம்பித்தது.

கணினித் திரை அப்படித்தான் சொன்னது. குளிர்காலம் முழுக்க இருபது டிகிரியை ஒட்டியே ஓடிவந்த கோடு, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய காலையில் சரசரவென்று சரிந்து பதினொன்றில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகுதான் மகள் அதைப் பார்த்தாள். அறையின் சூட்டை அளக்கும் சென்ஸார் கெட்டுவிட்டதா? மாடிப்படி ஏறினாள்.

அந்த அறையின் கூரை அவளுடைய ஆராய்ச்சி. மேலே ஒட்டியிருந்த வெள்ளிப் படலம் வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். அதோடு நிற்காமல், அறைக்குள் சேரும் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக்கி நேரே வானத்துக்கு அனுப்பும். மின்சாரம் ஒரு பொட்டுக்கூட வேண்டாம். மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும். சோதனைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

கோடையில் அப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். மாடிக்கு வந்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்து உட்காரவைத்து, "ஏசி எங்க இருக்குன்னு கண்டுபிடி பாக்கலாம்," என்பார். கீழ்வீட்டு டெய்லர் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாராம்.

சிக்கல் ஒன்றுதான். படலத்துக்குக் காலம் தெரியாது. ஊரே போர்த்திக்கொண்டு கிடந்தாலும், அது பாட்டுக்கு அறையின் சூட்டை வானத்துக்கு வாரி இறைத்துக்கொண்டிருக்கும். குளிர் வந்தால் தானே மூடிக்கொள்ளும் அடுத்த படலத்தைச் செய்ய, அவளுக்கு ஒரு முழு வருட அளவுகள் வேண்டியிருந்தன.

"ரூம் பதினெட்டுக்குக் கீழ போச்சுன்னா அன்னிக்கே படலத்தைப் பிரிச்சுடணும். வயசானவர் இருக்கிற இடம்," என்று ஆய்வகத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் போய்ச் சொன்னவளும் அவள்தான்.

"பிரிச்சா என்ன ஆகும்?"

"திரும்ப முதல்லேருந்துப்பா. இன்னொரு வருஷம்."

"அப்ப பிரிக்க வேண்டியிருக்காது," என்றார் அப்பா, ரூட் தெரிந்த டிரைவர் மாதிரி.

வேண்டியிருக்கவும் இல்லை. கீழே டெய்லரின் இஸ்திரிச் சூடு மேலே ஏறுகிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானமாகிவிட்டாள். ஒருநாள் மட்டும் கோடு முப்பத்துமூன்றுக்கு எகிறியது. பதறிப்போய் போன் செய்தாள்.

"டீயை அது பக்கத்துல வெச்சுட்டேன்மா. மனுஷன் ஒரு டீ குடிக்க முடியுதா, உளவுத்துறை மாதிரி." சிரிப்பு இருமலாக முடிந்தது.

"என்னப்பா இருமல்?"

"சிரிச்சேன்ல, புரை ஏறிடுச்சு. இப்ப உன் பெட்டி என்ன சொல்லுது?"

கோடு இறங்கிக்கொண்டிருந்தது. "இருபது."

"அப்புறம் என்ன?"

அவள் எண்ணை நம்பினாள். இருமலை விட்டுவிட்டாள்.

இப்போது அறைக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சுவரில் சென்ஸார் பெட்டி தொங்க வேண்டிய ஆணி வெறுமனே இருந்தது. பின்னாலேயே ஏறி வந்த டெய்லர் வாசலில் தயங்கி நின்றார்.

"அண்ணே, இங்க தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு மாட்டியிருக்கும். பாத்தீங்களா?"

"ஸ்வெட்டர்ல இருக்கும் பாரும்மா."

"ஸ்வெட்டர்லயா?"

"உள்பக்கம் ஒரு பாக்கெட் தெச்சுக் குடுன்னார். தெச்சேன். மறுநாளே வந்து, உடம்போட ஒட்டுது, சூடு ஜாஸ்தி காட்டுது, தள்ளி வையின்னார். மாத்தி மாத்திக் கடைசில ரெண்டாவது ஸ்வெட்டருக்கு வெளிப்பக்கம், சால்வைக்கு அடியில வந்து நின்னுச்சு. எதுக்குண்ணேன்னா, 'பாப்பாவுக்குப் பரீட்சை நடக்குது'ன்னார். ஏதோ விளையாட்டுக்குச் சொல்றார்னு விட்டுட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆம்புலன்ஸ் வந்த அன்னிக்கு அவருக்கு மூச்சு வாங்குச்சு. நான்தான் ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டேன்."

நாற்காலி முதுகில் இரண்டு ஸ்வெட்டர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. மேல் ஸ்வெட்டரில் பொத்தான் வைத்த சின்னப் பாக்கெட். நல்ல தையல். உள்ளே பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஆய்வகத் தலைவர்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. குளிர்கால அளவெல்லாம் நாம எதிர்பாத்ததைவிட நல்லா வந்திருக்கு. அறிக்கையில சேத்துடலாமா?"

"சேக்க முடியாது சார்."

"ஏன்?"

"அது ரூமோட சூடு இல்ல. அப்பாவோடது."

இணைப்பைத் துண்டித்துவிட்டு, போனிலேயே அந்தக் கோட்டைத் திறந்தாள்.

ஆணியில் மாட்டுவதற்காகத்தான் பெட்டியை வெளியே எடுத்தாள். சில்லென்று இருந்தது. கை மூடிக்கொண்டது. போன் திரையில் கோடு மெல்லத் தலைதூக்கியது. பதினொன்று. பதினான்கு. பதினெட்டு.

இருபதைத் தொட்டதும் விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள், அதற்கு மேலே போய்விடாமல்.