செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்

தில்லைநாதனிடம் தலை துடைக்க இரண்டு துவாய்கள் இருந்தன. ஒன்று வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக் கொடியில் காயும், மற்றது கொட்டாஞ்சேனையில் மாமனார் வீட்டுக் கொடியில் காயும். சவரக்கத்தி இரண்டு, குடை இரண்டு, செருப்பும் இரண்டு சோடி. கலியாணம் முடிந்த எட்டு மாதத்தில் இவ்வளவு சேர்த்த மனிதனுக்கு, மனைவி சரோஜினிதேவி கேட்ட ஒரேயொரு சாமானை மட்டும் தேடிக் கொடுக்க முடியவில்லை. அவள் கேட்டது ஒரு வீடு.

குற்றம் தன்னுடையதில்லை என்று அவன் சொல்வான். திங்கள் முதல் வெள்ளி வரை கொட்டாஞ்சேனை, சனியும் ஞாயிறும் வெள்ளவத்தை என்று கலியாணத்தன்றே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பெண் வீட்டில் மாப்பிள்ளை இருப்பதுதான் யாழ்ப்பாணத்து முறை என்றார் மாமனார் நாகேந்திரம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பத்து வயதிலிருந்து வளர்த்தது நான் என்றாள் அக்கா சௌந்தரநாயகி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தில்லைநாதன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான். சரோஜினியை ஒருவரும் கேட்கவில்லை. முதல் மூன்று மாதம் சனிக்கிழமைகளில் அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். பிறகு, "பெட்டியும் கையுமாத் திரிய நான் என்ன சேர்க்கஸ்காரியோ?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டாள்.

வெள்ளவத்தை வீட்டில் எல்லாரும் மெல்லத்தான் பேசுவார்கள். அக்காவின் கணவர் அரசாங்க உத்தியோகத்தர். பென்சனுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்பதைத் தவிர அவர் வாய் திறந்து எதுவும் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. அங்கே தில்லைநாதன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கறியில் கிடக்கும் வெங்காயத்தைக்கூட ஓரமாக ஒதுக்கிவைக்கிற சுத்த சைவம். கொட்டாஞ்சேனை நாகேந்திரமோ இரும்புச் சாமான் வியாபாரி. ஆணி, சங்கிலி, பூட்டு என்று நாள் முழுக்க விலை சொன்ன தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்காது. அவர் உப்புக் கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும். அங்கே இதே தில்லைநாதன் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சி விரலையும் நக்குவான். இரண்டு வீட்டிலும் அவனைத் தங்கமான பிள்ளை என்றார்கள். இரண்டும் வேறு வேறு பிள்ளை என்பது சரோஜினிக்கு மட்டும் தெரியும்.

இவ்வளவுக்கும் அவன் புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கர். 'இன்ன தேதிக்குள் வீட்டைவிட்டு எழும்பத் தவறினால் கோட்டில் வழக்கு வைக்கப்படும்' என்று ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதுகிற வேலை. அவன் எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சண்டியர்களே பாயைச் சுருட்டியிருக்கிறார்கள். "அக்கா, நானும் சரோவும் வேறு வீட்டுக்குப் போகிறோம்" என்கிற ஒரு வசனம் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

இந்த நிலையில் ஈஸ்வர வருஷம் பிறக்க வந்தது.

அக்கா வீடு வாக்கிய பஞ்சாங்கம். மாமனார் வீடு திருக்கணித பஞ்சாங்கம். வானத்தில் இருப்பது ஒரே சூரியன்தான். ஆனாலும் அது மேட ராசிக்குள் காலடி வைக்கிற நேரம் இரண்டு புத்தகத்திலும் ஒத்துப்போகாது. வாக்கியத்தின்படி அந்த வருஷம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி ஆறு நிமிஷத்துக்குப் பிறந்தது. திருக்கணிதத்தின்படி ஒன்பது பதின்மூன்றுக்குப் பிறந்தது. வருஷம் பிறக்கிற கணத்தில் தம்பி என் முன்னால் நிற்கவேண்டும் என்றாள் அக்கா. மருமகன் என் வீட்டில் நிற்கவேண்டும் என்றார் மாமனார். வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். தில்லைநாதன் மகிழ்ந்துபோனான். ஒருவருக்கும் முகம் கோணாமல் இருக்க ஆண்டவன் தனக்கென்றே ஒரு மணி ஏழு நிமிஷத்தை நடுவில் வைத்திருப்பதாக நம்பினான். இரண்டு நேரத்தையும் இரண்டு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

முதல்நாள் காலை, கொட்டாஞ்சேனையில் அவன் வேலைக்குக் கந்தோருக்குப் புறப்படும்போது, சரோஜினி அறைக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, பொரளையிலை வீடு பார்த்திட்டன். ஹமீமா எண்டு ஒரு மனுசி, தன்ர வீட்டோடை சேர்ந்த ரண்டு அறையை வாடகைக்கு விடுறா. நாளைக்குப் பத்து மணிக்குப் போனால் கதவுத் திறப்பு எங்கட கையிலை. பத்தரைக்கு வேறை ஆக்கள் வருகினமாம்."

"நாளைக்கோ? நாளைக்கு வருஷமெல்லோ?"

"அவவுக்கு நாளைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். நீங்கள் வரேக்கை வெள்ளவத்தையிலை கிடக்கிற உங்கட துவாயையும் சவரக்கத்தியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

"நான் வரப் பிந்தினால்?"

"பிந்தினால் நான் தனியப் போவன். போய்த் தனிய இருப்பன்." அவள் வயிற்றில் கை வைத்தாள். நான்கு மாதம். "இதுக்கும் ரண்டு துவாய் வாங்க என்னாலை ஏலாது."

"ஓம், ஓம், வந்திடுவன்" என்றான் தில்லைநாதன். ஓம் என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். எட்டு ஆறுக்கு வெள்ளவத்தை, ஒன்பது பதின்மூன்றுக்குக் கொட்டாஞ்சேனை, பத்துக்குப் பொரளை. மூன்று இடத்துக்கும் நல்லவனாக இருந்துவிடலாம். அன்று பின்னேரம் கந்தோர் விட்டதும் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினான்.

காலையில் அக்கா அவன் தலையில் ஓர் இலையும் காலடியில் ஓர் இலையும் வைத்து மருத்துநீர் தேய்த்து முழுகவார்த்தாள். மஞ்சளும் மூலிகையும் போட்டுக் காய்ச்சிய அந்த நீரின் வாசனை லேசில் போகாது. எட்டு ஆறுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்தினாள். வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தாள். பொங்கலும் போட்டாள். அத்தான் பென்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். எல்லாம் எட்டேகாலுக்கு முடிந்தது. எட்டரைக்கு ரயில்.

கொடியில் துவாய் தொங்கியது. தில்லைநாதன் அதைத் தொட்டுப் பார்த்தான். எடுத்தால் ஏன் என்று அக்கா கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் அழுவாள். துவாய் ஈரமாக இருக்கிறது, ஈரத் துவாயை யார் பையில் வைப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லி, விட்டுவிட்டான். கோழைக்கு நியாயம் எங்கிருந்தாவது கிடைத்துவிடும்.

"எங்கையடா வெளிக்கிட்டாய்?" என்றாள் அக்கா.

"கொட்டாஞ்சேனைக்கு அக்கா. சரோ பாத்துக்கொண்டிருப்பாள்."

"போ, ஆர் மறிச்சது? ஆனால் இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். வருஷம் பிறந்து போற முதற்பயணம் சூலத்துக்கு முகம் குடுத்தோ போறது?"

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தைக்கு நேர் வடக்கு. சூலம் உள்ள திசையில் போனால் போன காரியம் உருப்படாது என்பது இரண்டு பஞ்சாங்கமும் சண்டை போடாமல் ஒப்புக்கொள்கிற சங்கதி.

"பால் குடிச்சிட்டுப் போனால் தோஷமில்லை எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

"பால் முழுக்கப் பொங்கலுக்குள்ளை போட்டுது. பால்காரனும் இண்டைக்கு வரான்." அக்கா யோசித்தாள். "ஒண்டு செய். முதல் தெற்கை தெகிவளை மட்டும் நடந்து போ. அங்கையிருந்து ரயில் எடு. அப்ப முதற்பயணம் தெற்காலைதான் எண்டு ஆகியிடும்."

சூரியனை ஏமாற்ற முடியாது, சூலத்தை ஏமாற்றலாம் போலும். உண்மையைச் சொன்னால் தில்லைநாதனுக்கும் உள்ளூரப் பயம்தான். புது வீடு, பிறக்கப்போகும் பிள்ளை, எதற்கு வீண் வம்பு என்று தெற்கே நடந்தான். ரயில் பாதையோரமாக அவன் வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருக்கையில், அவன் ஏறவேண்டிய எட்டரை ரயில் கூவிக்கொண்டு எதிரே வந்து, அவனைக் கடந்து வடக்கே போயிற்று.

விடுமுறை நாள். தெகிவளையில் அடுத்த ரயில் ஒன்பதுக்குப் பிறகுதான் வந்தது. ஒன்பது பதின்மூன்றுக்கு, திருக்கணித வருஷம் பிறந்தபோது, அவன் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் நின்ற வண்டிக்குள் ஒரு மீன்கூடைக்கும் தூங்கிவழிந்த ஒரு மனிதருக்கும் நடுவில் நெரிந்துகொண்டிருந்தான். கோட்டையில் டிராம் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்க ஒன்பது ஐம்பத்தைந்து ஆயிற்று.

நாகேந்திரம் வாசல் படலையிலேயே மருத்துநீர்ச் செம்போடு நின்றார்.

"தம்பி! வருஷம் பிறந்து முக்கால் மணித்தியாலம்!" தெரு திரும்பிப் பார்த்தது. கிட்ட வந்து மோந்தார். "என்ன மணக்குது? முழுகிப்போட்டு வாறீரோ? எத்தினை மணிக்கு?"

"எட்டு… எட்டு மணிக்கு மாமா."

"எட்டு மணிக்கோ? அது போன வருஷத்துத் தண்ணி! போன வருஷத்துத் தண்ணியோடை என்ர வீட்டுக்குள்ளை கால் வைக்கிறதோ? புண்ணியகாலம் இன்னும் முடியேல்லை, நில்லும்!"

சட்டையைக் கழற்றவும் விடவில்லை. தலையில் இலையை வைத்துச் செம்பைக் கவிழ்த்தார். மஞ்சள் நீர் கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது.

"மாமா, சரோ எங்கை?"

"கோயிலுக்கு எண்டு ஒன்பதரைக்கே போட்டாள். பெட்டியும் கொண்டு போனவள். கோயிலுக்கு ஏன் பெட்டியெண்டு நான் கேக்கேல்லை. வருஷநாளிலை பொம்பிளையளோடை ஏன் வாய் குடுப்பான்?"

தில்லைநாதன் தெருப்பக்கம் திரும்பினான். தனியப் போவன், போய்த் தனிய இருப்பன் என்றாள். அவள் வெறும் பேச்சுப் பேசுகிறவள் இல்லை. மாமனார் கைவிசேஷத்தை நீட்ட நீட்ட, "வந்து எடுக்கிறன்" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடி, கண்ட முதல் றிக்‌ஷாவில் ஏறினான். வருஷநாளில் மஞ்சள் வழிய வழிய ஓடிய அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் பிறகு பலவிதமாகக் கதைத்தார்கள்.

பொரளை வீட்டு வாசலில் ஹமீமா இருந்தாள். அவன் கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்கட பொஞ்சாதி பத்து மணிக்கே வந்து தொறப்ப எடுத்துட்டா. புருஷன் வாராருன்டு வாசலப் பாத்துப் பாத்து நின்டா, பாவம். அங்கால, பக்கத்துக் கதவு."

பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெறுமையான அறை, ஒரு பெட்டி, ஓர் அடுப்பு. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற மணம் வந்தது. சரோஜினி வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். அவன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"துவாய் எங்கை?"

"வெள்ளவத்தையிலை ஒண்டு காயுது. கொட்டாஞ்சேனையிலை ஒண்டு…"

"அப்ப ரண்டிலை ஒரு இடத்துக்குப் போய்த் தலையைத் துடையுங்கோ. திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் அப்பாவுக்கு. சனியும் ஞாயிறும் மச்சாளுக்கு. இந்த வீட்டுக்கு எந்தக் கிழமை? சொல்லுங்கோ, கேப்பம்."

எல்லாக் கிழமையும் என்ற சொல் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம். இவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்ல இது நல்ல நேரந்தானா என்று கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போயிற்று. சரோஜினி அதைக் கண்டாள்.

"பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. நேரம் வந்த உடனை சொல்லுங்கோ."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் கடதாசித் துண்டுகளை வெளியே எடுத்தான். இரண்டும் மருத்துநீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எட்டு ஆறும் ஒன்பது பதின்மூன்றும் கரைந்து மஞ்சளும் நீலமுமாக விரலில் வழிந்தன. எந்தப் பஞ்சாங்கத்தில் என்ன நேரம் என்று இனி எவராலும் வாசிக்க முடியாது. அவனுக்கு அழுகை வந்தது. தன்னைத் தங்கமான பிள்ளை என்று சொல்ல இரண்டு வீடு இருந்தும், சாத்திய இந்தக் கதவுக்கு முன்னால் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று முதல்முறையாக அவனுக்கு உறைத்தது.

கதவைத் தட்டினான்.

"ஆர்?"

"நான்தான், சரோ. எல்லாக் கிழமையும். அக்காவுக்கும் மாமாவுக்கும் நானே போய்ச் சொல்லுறன்." மூக்கை உறிஞ்சினான். "தலை துடைக்க ஒண்டுமில்லை."

உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அவள் கையில் மடிப்புக் கலையாத புதுத் துவாய் ஒன்றும் ஒரு சுருள் கயிறும் இருந்தன.

"துடைச்சிட்டுப் பின்னாலை கொடியைக் கட்டுங்கோ. துவாய் காயப்போட இடமில்லை."

"எந்தப் பக்கம் கட்ட?"

"வடக்குப் பக்கம்" என்றாள் சரோஜினி, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். தில்லைநாதன் கேட்கவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் போனான்.