ஏழாம் எண் டேக்

1.
இந்தக் கதை ஒரு சட்டைப் பையில் கிடைத்தது. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில், துவைக்காத சட்டை. எழுத உட்கார எட்டு மாதம் ஆகிவிட்டது.

முதல் தொடக்கம்: ‘கடலே இல்லாத லெப்பைக்குடிக்காட்டில்...’ (வேண்டாம். இங்கே கடல் தாண்டாத வீடு எது?)

2.
ஹுமாயூன் படகோட்டி. அவன் தங்கை ஆயிஷாவின் கணவன் உசாமா, அதே படகிலிருந்து முக்குளித்துக் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டுபவன். இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை டேக்கைப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறியதும் எடுக்க வேண்டும். ஒன்று தொங்கினாலும் என்ஜினைத் தொடக்கூடாது.

அன்று இறங்கிய மூவரில் இருவர் ஏறினார்கள். பலகை காலி. உசாமா பின்னால் படுத்திருப்பான் என்று நினைத்து ஹுமாயூன் சாவியைத் திருப்பினான். தண்ணீருக்குள் விசிறி

(இதை முடிக்க மாட்டேன்.)

3.
வேலை போய் ஊர் வந்தவன் தங்கை வீட்டில் தலைகுனிந்து நின்றான்.

“பலகைல டேக் இல்ல மாமா.”

“எம் மவன் மாட்டாம எறங்குறவன் இல்லப்பா,” என்றார் உசாமாவின் அத்தா.

(ஹுமாயூனை ரொம்ப நல்லவனாக எழுதுகிறேனோ? தலையை எண்ணியிருக்கலாம். பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.)

போன வாரம் போனில் அவன் குரல் மாறியிருந்தது. “தொங்கித்தான் இருக்கும் ஆயிஷா. நான்தான் பாக்கல போல.”

4.
அவனுக்குத் தெரியாதது ஒன்று. சாவதற்குச் சில நாள் முன்பு உசாமா போனில் சொன்னான்: “இப்பல்லாம் டேக் மாட்டுறதில்ல. வீல்ல ஒங்கண்ணன்தானே நிக்கிறாரு? தங்கச்சி புருஷன வுட்டுட்டா கெளம்பிடுவாரு?”

ஆயிஷா சிரித்தாள்.

(சிரித்தேன்.)

5.
ஒரு முடிவு: உசாமாவின் சட்டைப் பையில் கிடைத்த ஏழாம் எண் டேக்கை அவள் அண்ணனிடம் கொடுக்கிறாள். அவன் பாரம் பாதி குறைகிறது. மகன்தான் மாட்டவில்லை என்ற அந்தப் பாதி மாமனார் மடியில் விழுகிறது.

இன்னொரு முடிவு: அதை ஆற்றில் போட்டுவிடுகிறாள். (இதற்காகத் திருமழபாடி வரைக்கும் பஸ்ஸில் போனேன். கொள்ளிடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு. போட்டால் மேலேயே தெரியும்.)

6.
இதை அடுக்களையில் எழுதுகிறேன். அண்ணன் கூடத்தில் மாமனார் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வைத்த டீ அப்படியே இருக்கிறது. செய்யாத தப்பையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வந்திருக்கிறார். தொண்டையைச் செருமுவது கேட்கிறது.

டேக்கை இந்தத் தாளின் மேல் வைக்கிறேன். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எடுத்துப் போங்கள். கூடம் பத்தடிதான்.