மஞ்சள் தூளி

என் வாயைப் பத்தி மொதல்லயே சொல்லிடறேன். அப்புறம் யாரும் குத்தம் சொல்லக் கூடாது. ஃபோர்தலேசா டவுன் பஸ்ல பதினோரு வருஷம் கண்டக்டரா உக்காந்திருந்தவ நான். குடிச்சுட்டு ஏறுறவன், டிக்கெட் எடுக்காம தடுப்புக் கம்பிக்குக் கீழ பூந்து போறவன், பொம்பளைங்க மேல சாயறவன், எல்லாரையும் வாயாலயே கீழ இறக்கி விட்டிருக்கேன். அதே வாயோடதான் முப்பத்தஞ்சு வயசுல ஒரு செபக் கூட்டத்துக்குப் போனேன், கையைத் தூக்கினேன், தேம்பித் தேம்பி அழுதேன், வேலையை விட்டுட்டு இங்க இகுவாத்து ஊருக்கு வந்து சேந்தேன். ஆண்டவர் ஆளைப் பாத்துத்தானே கூப்பிட்டார்? வாயையும் சேத்துத்தான் கூப்பிட்டிருப்பார். இது என் கட்சி.

எங்க வீட்டுல கன்னியாஸ்திரியும் இல்ல, சாமியாரும் இல்ல. அஞ்சு பேர், ஒரே அடுப்பு. பொறுப்பாளர் எவால்டோ, கிடார் வாசிக்கிற தம்பி. அவன் பொண்டாட்டி மார்லுசி. லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போன ஜெனேசியோ அண்ணன், சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். என்னோட ஒரே ரூம்ல இருக்கிற ஜுசிலெய்டி. அப்புறம் நான், சுல்மீரா. சேரும்போது கொண்டு வந்ததையெல்லாம் சாப்பாட்டு மேசை மேல வச்சு, இனிமே எனதுன்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வரணும். காலையில பாட்டு, ஆவி ஏவினபடி வாய்க்கு வந்த பரவச மொழியில செபம். செபத்துல யாருக்காவது மனசுல ஒரு படமோ வார்த்தையோ தோணினா வெளிய சொல்லணும். கேக்கறவங்க எல்லாரும் சேந்து அதை எடை போட்டுப் பாத்துட்டு நடக்கணும். எடை போட்டுப் பாத்துட்டு. அங்கதான் நான் கோட்டை விட்டேன்.

ஒம்பது வருஷமா, வருஷத்துக்கு ஒரு தடவை, இங்கயே இருப்பேங்கற வார்த்தைப்பாட்டைப் புதுப்பிச்சுக்கிட்டு வந்தேன். இந்த வருஷம் தூய ஆவிப் பெருவிழாவுல நிரந்தர வார்த்தைப்பாடு. சாகற வரைக்கும் இந்த ஜனங்களோடதான்னு பீடத்துக்கு முன்னாடி நின்னு சொல்லி, விரல்ல வெள்ளி மோதிரம் வாங்கணும். வாழ்க்கையில வேற எதுக்கும் நான் இப்படி ஏங்கினதில்ல. எங்கம்மா புதுச் செருப்பு வாங்கிட்டா. நான் வெள்ளைப் பாவாடை தச்சு வச்சுட்டேன்.

ஒரே ஒரு கண்டம் பாக்கி. முக்காலி.

பெருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடி, வியாழக்கிழமை மத்தியானம், வார்த்தைப்பாடு குடுக்கறவங்க கூடத்து நடுவுல முக்காலி போட்டு உக்காரணும். வீட்டுல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா, உன்னோட வாழறதுல எனக்கு எது ரொம்பக் கஷ்டம்னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. சொல்லிட்டு, 'சாகற வரைக்கும் சம்மதம்'னு சொல்லணும், இல்லன்னா 'இந்த வருஷம் வேணாம்'னு சொல்லணும். ஒருத்தர் வேணாம்னாலும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். முக்காலில உக்காந்தவ 'நன்றி'ன்னு மட்டும்தான் சொல்லலாம். பதில் பேசினா அதுவும் அடுத்த வருஷம்தான். என்னை மாதிரி ஆளுக்குன்னே யாரோ உக்காந்து யோசிச்ச சட்டம்!

எனக்கு பயமெல்லாம் ஜுசிலெய்டியை நெனச்சுத்தான். அவளுக்கு முப்பது வயசு, நாலு வருஷமா இங்க இருக்கா. அப்படி ஒரு சாதுவை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சோறு குழைஞ்சாலும் சரி, தண்ணி நின்னாலும் சரி, 'இருக்கட்டும் அக்கா'. நான் கட்டில், அவ தூளி. இந்தப் பக்கத்துல பெரியவங்களும் தூளியிலதான் தூங்குவாங்க. அவ தூளி மஞ்சள் துணி, ரெண்டு ஓரத்துலயும் அவ அம்மா பின்னின குஞ்சம். அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க. அவ புரளும்போதெல்லாம் கொக்கி கிறீச், கிறீச்சுன்னு என் தலைமாட்டுலயே கத்தும். எண்ணெய் விட்டாலும் ரெண்டு நாள்தான்.

மார்ச் மாசம் ஆறு கரை தாண்டி ஆத்தங்கரைத் தெரு பூரா தண்ணி. மறுநாள் காலைச் செபத்துல, நாங்க நாலு பேரும் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறப்ப ஜெனேசியோ அண்ணன் கண்ணை மூடிக்கிட்டே, "மஞ்சளா ஏதோ தெரியுது... தண்ணி... மஞ்சளா..."ன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் "அல்லேலூயா!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஆமென் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரூமுக்கு ஓடி, ஏணி போட்டு, தூளியைக் கழட்டிச் சுருட்டி, வீடு போன ஒரு நிறைமாசக்காரிகிட்ட கொண்டு போய்க் குடுத்துட்டேன். ஜுசிலெய்டி அன்னைக்கு செபத்துக்கு முன்னாடியே கோயில் பாலவாடிக்கு வேலைக்குப் போயிட்டா.

சாயங்காலம் வந்தவ வெறுங்கொக்கியைப் பாத்தா. "எங்க அக்கா?"

"ஆண்டவர் கேட்டார்டி, குடுத்துட்டேன். ஜெனேசியோ அண்ணனுக்குப் படமாவே காட்டினார், மஞ்சள்னு! அல்லேலூயா!"

தோள் பையைக் கீழ வச்சா. அப்புறம், "ஆண்டவர் உங்களுக்குப் பலன் குடுக்கட்டும் அக்கா"ன்னா. இங்க நன்றிக்குப் பதிலா அப்படித்தான் சொல்லுவோம். அன்னையிலேர்ந்து மடக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டா. முகத்துல சிரிப்பு மாறல. பேச்சு மட்டும் 'சரி அக்கா', 'இருக்கட்டும் அக்கா'ன்னு சுருங்கிப் போச்சு. எனக்கு உறுத்துச்சு. ஆனா நான் என்ன தப்பு பண்ணினேன்? எனதுன்னு எதுவும் இல்லன்னு அவளும்தானே சொல்லிட்டு வந்தா? ரெண்டு மாசம் இதையே எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வியாழக்கிழமை காலையில இஸ்திரிப் பெட்டியைத் தேடி அவ கட்டிலுக்கு அடியில குனிஞ்சேன். அவ பச்சைப் பை அங்க பிதுங்கிக்கிட்டு இருந்துச்சு. அலமாரியில அவ தட்டு துடைச்சு விட்ட மாதிரி காலி. எங்கயாவது ஊழியத்துக்கு அனுப்பறாங்களோ, எவால்டோ சொல்லலையேன்னு நெனச்சேன். பெட்டி கெடச்சுது, பாவாடையைத் தேய்க்கப் போயிட்டேன். என் கவலை எனக்கு.

மத்தியானம் பயறு சாதம் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவுத்துட்டு, முக்காலியைப் போட்டாங்க.

மார்லுசி ஆரம்பிச்சா. "அக்கா, நீங்க பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தைத் திட்டறீங்க. பாத்திரத்தைத் திட்டறீங்களா என்னைத் திட்டறீங்களான்னு தெரியாம நான் கொல்லையிலயே நிக்கறேன். இதான் கஷ்டம். சாகற வரைக்கும் சம்மதம்."

"நன்றி"ன்னேன். பாத்திரத்துல பாதி அவ சரியா கழுவாததுதான். முழுங்கிட்டேன்.

ஜெனேசியோ அண்ணன் தொண்டையைச் செருமினார். "உன்கூட இருக்கறது ஹாரன் அமுங்கினபடியே மாட்டிக்கிட்ட லாரி ஓட்டற மாதிரிம்மா. ஊரே திரும்பிப் பாக்குது. ஆனா நான் தூங்கி வழியாம இருக்கறது அதனாலதான். சம்மதம்." அதோட விட்டாரா? "இன்னொண்ணு. அந்த மஞ்சள் விஷயம். அன்னைக்கு செபத்துக்கு வரும்போது நான் ரெண்டு மாம்பழம் சாப்பிட்டுட்டு வந்தேன். ஆவியா மாம்பழமான்னு எனக்கே இன்னும் தெரியல. எடை போடணும்னு சொல்ல வாயைத் தொறந்தேன், நீ ஏணி மேல நிக்கற."

பல்லைக் கடிச்சுக்கிட்டு "நன்றி"ன்னேன்.

எவால்டோ ரொம்ப மெதுவா பேசினான். "நீங்க எப்பவும் சரியாவே இருக்கீங்க அக்கா. பக்கத்துல தப்பு பண்ண பயமா இருக்கு. சாகற வரைக்கும் சம்மதம்."

மூணு சம்மதம். ஜுசிலெய்டி என் முன்னாடி வந்து நின்னா. அவ என்னைப் பாத்து அழகா சிரிச்சா.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல அக்கா. சாகற வரைக்கும் சம்மதம்."

முடிஞ்சுது! நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா மோதிரம் என் கையில. எவால்டோ கிடாரைக் கூட எடுத்துட்டான். நான் வாயைத் தொறந்தேன், அந்தப் பச்சைப் பை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அலமாரியில காலித் தட்டு. என்னோட ஒரே ரூம்ல நாலு வருஷம் இருந்தவ, கஷ்டம்னு சொல்ல ஒண்ணுகூட இல்லங்கறா! எனக்கே என்னோட இருக்கறது கஷ்டம்.

"ஏண்டி, பையை எதுக்குடி கட்டி வச்சிருக்க?"

"அக்கா!"ன்னு எவால்டோ பதறினான். "முக்காலி அக்கா. பேசாதீங்க."

"முக்காலி கெடக்கட்டும். ஜுசி, பதில் சொல்லு. போறியா?"

அவ சிரிப்பு அப்படியே நின்னுது. "சனிக்கிழமை பஸ். ஊருக்குப் போறேன். உங்க விழாவைக் கெடுக்க வேணாம்னு யார்கிட்டயும் சொல்லல."

"போறவதான் சம்மதம் சொன்னியா?"

"போறவளுக்கு என்ன போச்சு அக்கா?"

ரெண்டு மாசமா நான் அமுக்கி வச்சிருந்தது அப்பத்தான் மேல வந்துச்சு. சொல்லித்தான் ஆகணும். சொன்னேன். "ஆண்டவர் கேக்கலடி. அந்தக் கொக்கி கத்தற கத்தல்ல எனக்குத் தூக்கம் வரல. நாலு வருஷமா அந்தத் தூளி மேல எனக்கு எரிச்சல். அண்ணன் மஞ்சள்னு சொன்னதும் சாக்கு கெடச்சுது, ஏணியைத் தூக்கிட்டேன். ஆண்டவர் பேரைச் சொல்லி என் எரிச்சலைத் தீத்துக்கிட்டேன். மனசறிஞ்சு பண்ணினேனான்னு கேட்டா, அன்னைக்குத் தெரியல, இப்பத் தெரியுது. என்னை மன்னிச்சுடு."

ஜுசிலெய்டி முகம் செவந்துக்கிட்டே வந்துச்சு. அப்புறம் பாருங்க, அந்தச் சாது போட்ட சத்தத்துக்குத் தெருவுல ஐஸ் விக்கறவன் வண்டியை நிறுத்திட்டான்.

"கொக்கியா? கொக்கிக்காகவா? எங்கம்மா கண்ணு பாதி தெரியாம தடவித் தடவிப் பின்னின குஞ்சம் அது! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டி, நானே தோள்ல போட்டுக்கிட்டுப் போய்க் குடுத்திருப்பேன். அந்தப் பொண்ணு வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு வந்திருப்பேன். தூளி போனா போகட்டும். குடுக்கறது என் பங்கு அக்கா! அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க! அதுக்கு ஒரு அல்லேலூயா வேற!" மூக்கைப் புறங்கையால துடைச்சா. "சம்மதமும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் வேணாம்! அடுத்த வருஷம் இதே முக்காலில உக்காருங்க. நான் இதே எடத்துல உக்காந்து பாக்கறேன், நீங்க திருந்தியிருக்கீங்களான்னு!"

ஜெனேசியோ அண்ணன் மெதுவா கேட்டார். "அடுத்த வருஷம் இதே எடத்துல உக்காருவேன்னா, சனிக்கிழமை பஸ்ல யாரும்மா போறது?"

ஜுசிலெய்டி அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அதை இப்ப யார் கேட்டா?"ன்னு சீறிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. கொஞ்ச நேரத்துல உள்ள அலமாரித் தட்டுல துணியை டொப்பு டொப்புன்னு போடற சத்தம் கேட்டுச்சு.

எவால்டோ கிடாரைக் கீழ வச்சான். "சட்டம் சட்டம்தான் அக்கா. அடுத்த வருஷம்."

"தெரியும் தம்பி"ன்னேன். அழுதேன், ஒளிக்க மாட்டேன். மோதிரத்துக்காகவும் அழுதேன். ஆனா அந்த டொப்பு டொப்பைக் கேட்டுக்கிட்டு அழுததுல மனசு கனக்கல.

எங்கம்மாவுக்குப் போன் பண்ணி வராதேன்னு சொன்னேன். செருப்பு வாங்கினது வாங்கினதுதான்னு வந்துட்டா. ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நான் வெள்ளைப் பாவாடைக்கு மேல சமையல் துணியைக் கட்டிக்கிட்டு சோளப் பாயசம் கிண்டிக்கிட்டு இருந்தேன். அம்மா பக்கத்துல நின்னு பொருமினா. "ஒம்பது வருஷம் இருந்தியே, அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையாடி உனக்கு?"

"முடியலம்மா. நல்லவேளை."

செவ்வாய்க்கிழமை பொதுப் பீரோவுலேர்ந்து ஒரு நீலத் தூளியை எடுத்துக்கிட்டு வந்தேன். ஏணியில ஏறிட்டு, எறங்கினேன். "ஜுசி, இதைக் கட்டட்டுமா? கொக்கிக்கு எண்ணெய் விடட்டுமா?"

"கேட்டீங்கல்ல? கட்டுங்க"ன்னா, முகத்தைத் திருப்பிக்கிட்டே.

மறுநாள் காலையில செபம் முடிஞ்சு எல்லாருக்கும் காபி ஊத்தினேன். ஜுசிலெய்டி ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை டொக்குன்னு மேசையில வச்சா. "அக்கா, இது காபியா, பாகா? நாலு வருஷமா இந்தச் சக்கரைத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். வாயில வைக்க வழங்கல."

பத்து பதில் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. பஸ்லயா இருந்தா பத்தையும் சொல்லியிருப்பேன். மார்லுசி பயந்து போய் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா.

"நன்றி"ன்னேன். அவ டம்ளரை எடுத்துக்கிட்டு, வேற காபி போட அடுப்பைப் பத்த வச்சேன்.