சொட்டுக் கணக்கு என்று தேடியபோது

சித்தூர்ப் பக்கத்து நர்ஸுகள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த ஷோபாவும் மஸ்கட் போவதற்கான பரீட்சை எழுதி, தோற்றுப்போயிருந்தாள்.

இணையத்தில் பாட வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. எது பழசு, எது இந்தப் பரீட்சைக்கானது என்றுதான் தெரியவில்லை. குளுக்கோஸ் ஏற்றும்போது நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும் என்பதையே ஒருவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நம்பிப் படித்ததில் மார்க் போனது.

கூட வேலை பார்த்த லோயிஸ், திருப்பதியிலிருந்து சிலர் நடத்தும் பாடத் தளம் ஒன்றைச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷோபா போனை எடுத்து, வாயில் வந்தபடியே "சொட்டு கணக்கு" என்று தமிழில் அடித்தாள். பாடம் வந்து நின்றது. கீழே விவரம் இருந்தது: வளைகுடா நர்ஸிங் பரீட்சைக்கானது, தமிழ் விளக்கம், நெட் மெதுவாக இருந்தாலும் ஓடும், நர்ஸிங் ஆசிரியை ஒருவர் போன மாதம் சரிபார்த்தது. முன்பு போட்ட வீடியோவில் பிழை இருந்ததால் எடுத்துவிட்டோம் என்றும் ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கையே வந்தது.

அடுத்த முறை பாஸானாள். விசா கைக்கு வந்ததும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை, அதுதான் அந்தத் தளத்தின் ஆபீஸ். பாடங்களுக்கு விவரம் எழுதுகிற கலைவாணி, பிச்சாட்டூர்க்காரி, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஷோபா பாடத்தைத் தேடிய கதையைக் கேட்டாள்.

"புஸ்தகத்துல இருக்கற பேர வெச்சி யாரும் தேடமாட்டாங்கன்னு தோணிச்சிக்கா. எங்க ஊரு ஆஸ்பத்திரில நர்ஸுங்க எப்டி பேசிக்கினு இருக்காங்கன்னு கேட்டு, அந்த வார்த்தைங்களையும் சேத்தேன்."

"அதனாலதான் எனக்குக் கெடச்சுதும்மா," என்றாள் ஷோபா. "பாடம் எடுத்தவங்க பேரு போட்டுக்குது. விவரம் எழுதுன உன் பேரு எங்கியும் இல்ல. அதான் நேர்ல பாத்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கலைவாணி டப்பாவைப் பிரித்து முதல் துண்டை ஷோபாவுக்கே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "துன்னுக்கா. நீ தேடி எதுனா கெடைக்காம போச்சா?"

"பச்சக் கொழந்தைக்கு மருந்து அளவு. வரவே இல்ல."

கலைவாணி உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஷோபாவும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மஸ்கட் போன பிறகும் பரீட்சையில் எது மாறினாலும் கலைவாணிக்குத்தான் முதலில் எழுதுகிறாள். தனக்குக் கிடைத்தது அடுத்தவளுக்கும் கிடைக்கட்டுமே என்று.