சாவு வீட்டுக்குக் கேள்வி இல்லை

மைக் செட்டு என் புருஷன் பேரில் இருந்தது, தொழில் என் தலையில் இருந்தது. மைக்கேல்ராஜுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. லீவு நாளில் செட்டோடு போவார், மற்ற நாளில் ஆம்ப்ளிபயரைத் துடைத்து வைப்பார், அத்தோடு சரி. தேதி கொடுப்பது, வெற்றிலை பாக்கு வாங்கி புக்கிங்கை உறுதி செய்வது, வாடகை பேசுவது, பேசினதைக் கொடுக்காதவன் வாசலில் நின்று கத்துவது எல்லாம் நான். அவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டால் நானே போய் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஓட்டுவேன். எண்பத்தெட்டில் ஓசூரில் ஒரு பொம்பளை மைக் செட் ஓட்டினால் பாட்டு கேட்க வருகிறவனைவிட வேடிக்கை பார்க்க வருகிறவன்தான் அதிகம். பார்த்துவிட்டுப் போகட்டும்.

குழாய்களுக்கு வெள்ளை அடித்து, உள்வாயில் சிவப்பில் ‘மைக்கேல்ராஜ் ரேடியோஸ்’ என்று எழுத வைத்ததும் நான்தான். "இன்னும் பெருசா எழுதுய்யா, தூரத்துல இருக்கறவனுக்கும் தெரியணும்" என்று பெயின்டரை விரட்டினேன். எங்களுக்கு வேறு என்ன விளம்பரம் இருந்தது?

யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் தேதி கொடுக்க மாட்டேன். எந்த ஊர், கரண்ட் உண்டா, மாப்பிள்ளை வீடு கன்னடமா, பெண் வீடு தெலுங்கா. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் எந்த பாஷைப் பாட்டை முதலில் போடுவது என்று சம்பந்திகள் அடித்துக்கொண்டு, எங்கள் குழாயில் கல் விழுந்ததிலிருந்து வந்த புத்தி அது.

சாவு வீட்டுக்கு மட்டும் கேள்வி இல்லை. எங்கள் பக்கம் செட் வைத்திருக்கிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஆள் போய்விட்டார் என்று வந்து நின்றால் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, இல்லை என்று சொல்லக் கூடாது, எங்கே என்றுகூடக் கேட்கக் கூடாது. வந்தவர்கள் பின்னாலேயே போக வேண்டும்.

அந்த மாதம் எங்களுக்கு இருந்தது ஒரே நினைப்புதான். வருஷக்கணக்காக டெம்ப்ரவரியாக இருந்த அவருக்கு ஒண்ணாம் தேதி பர்மனென்ட் ஆர்டர் வரப்போகிறது. "அதுவரைக்கும் யாருகிட்டயும் வம்பு வளக்காத, தேவமணி" என்று சொல்லி வைத்திருந்தார். என் வாய்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றார். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு தீர்த்தகிரி வந்து வாசலில் நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, எங்க அண்ணன் முனிவேலு போயிட்டான்க்கா. செட்டு வேணும்."

முனிவேலை எனக்குத் தெரியும். என் புருஷனோடு ஒரே ஷாப்பில் வேலை செய்கிறவன். எங்கள் வீட்டில் கை நனைத்திருக்கிறான். இவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி இல்லையே. பேட்டரி, ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் எல்லாவற்றையும் அவன் கொண்டுவந்த வேனில் ஏற்றி நானும் உட்கார்ந்தேன்.

வேன் அவர்கள் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. சிப்காட் ரோட்டில் போனது.

"ஏன்ப்பா, சாவு வூட்டுக்குப் போகலையா?"

"பொணம் அங்கதான்க்கா இருக்குது. கேட் வாசல்ல. மிஷின்ல சாகல, வெளிய மயங்கி விழுந்துதான் செத்தான்னு கம்பெனி எழுதி வெச்சிருக்குது. ஒத்துக்கற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

ஒண்ணாம் தேதி என் புருஷனுக்கு ஆர்டர் தரவேண்டிய அதே கம்பெனி. இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட் வாசலில், வேட்டி போர்த்திப் பிணத்தைக் கிடத்தியிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில், முனிவேல் பெண்சாதி வெங்கடம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகு எப்படித் திரும்புவது? வேலிக் கம்பத்தில் குழாய்களைக் கட்டினேன். பேரை மறைக்க ஒரு துண்டு கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

மைக்கை வெங்கடம்மாள் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன் அவள் மைக்கைத் தொட்டதே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம் புருஷன் மிஷின்லதான் செத்தாரு. அந்த ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் தூக்கிட்டுப் போயிடறேன்."

அவள் குரல் ஷெட்டு ஷெட்டாகப் போய் மோதித் திரும்பியது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. சின்ன கேட்டைத் திறந்துகொண்டு கம்பெனி ஆபீசர் ஒருத்தர் வந்தார், பின்னாலேயே என் புருஷன். ஆபீசர் குழாயை அண்ணாந்து பார்த்தார். "உன் செட்டுதானே? நீயே போய் நிறுத்து" என்றார்.

மைக்கேல்ராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஆப் பண்ணு" என்றார் மெதுவாக.

"சாவு செட்டுங்க. எப்படிங்க நிறுத்தறது?"

வெங்கடம்மாள் எங்களைப் பார்க்கவில்லை. "பக்கத்து மிஷின்ல நின்னவரு பாத்தாரு. நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கிட்ட சொல்லி அழுதாரு. அவரைக் கேளுங்க. அவரு பேரு..."

என் புருஷன் குனிந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

சத்தம் செத்தது அவளுக்குத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். எட்ட நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாய்க்கு என்ன ஆனது என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே, நான் பெரிதாக எழுதச் சொன்ன எழுத்தில், அந்தப் பேர் இருந்தது. ஒருத்தன் பார்த்துவிட்டு ஒயரோடு நின்றவரைப் பார்த்தான். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவளிடம் போய் அழுதிருக்கிறார். அந்த இடத்தில் அவரை நான் வெறுத்தேன்.

சாயங்காலம் போலீஸ் வந்து பிணத்தை எடுக்க வைத்தது. கம்பெனி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒண்ணாம் தேதி ஆர்டர் வந்தது. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் என்னிடம் வெற்றிலை பாக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சாவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. மழைக்காலம் போனது, மாம்பழம் வந்தது, ஒருத்தரும் வரவில்லை.

எங்கள் தெருக்கோடி கங்கப்பன் இறந்தபோது பாகலூரிலிருந்து செட் வந்தது, எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"சாவு வூட்டுல என்ன வருமானம், வுடு" என்றார்.

"நாளைக்கு நம்ம வூட்டுல ஒண்ணுன்னா எவன்ங்க செட்டு குடுப்பான்?"

"நம்மகிட்டயே செட்டு இருக்குதே."

சொன்ன பிறகுதான், நம் வீட்டுச் சாவுக்கு நாமேதான் குழாய் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கே உறைத்தது. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தெருக்கோடியில் கங்கப்பன் மகள் மைக்கில் அப்பாவைச் சொல்லி அழுதாள். யாரும் நிறுத்தவில்லை. அவள் முடிக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.